வரையறைக்கு உட்பட்ட நீலம்

உலகம் தோன்றிய நாள் தொட்டு வானமும் கடலும் எவருடைய அனுமதியும் பெறாமலே நீலமாக இருந்து வந்திருக்கின்றன. இந்த ஒழுங்கீனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, தேவாலாவுக்கு மேலேயுள்ள ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தின் தலைமை எழுத்தர் பொன்னுத்துரை அவர்களையே சாரும்.

மே மாதத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் ஓட்டைக் கூரைகளைப் பிரித்துவிட்டுப் புதுத் தகடு வேயத் தோட்ட நிர்வாகம் திருவுளம் கொண்டது. பிரிக்கும் பணி ஒரே நாளில் முடிந்தது. நிர்வாகத்தின் வேகத்தைக் குறை கூறுவோர் இதனைக் கவனிக்க. தகடுகளும் வந்து இறங்கின. கூடவே ஓர் ஆணையும் வந்தது: 'நம் மாவட்டத்தின் பெயருக்கு இசைய, நீலகிரி நீலம் பூசப்பெற்ற பின்னரே தகடுகள் பொருத்தப்படுதல் வேண்டும்.'

கூடலூரிலிருந்து வண்ணம் பூச வந்த ஷிஜோ தலையைச் சொறிந்தார்.

"ஏது நீலம் சாரே? ஆகாச நீலம் உண்டு, மயில்கழுத்து நீலம் உண்டு, இங்க் நீலம் உண்டு. ஒண்ணு சொல்லணும்."

பொன்னுத்துரை திடுக்கிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுகள் நீலமலையிலேயே வாழ்ந்தும், நீலம் இன்னதென்று எழுத்தில் ஒரு வரி தம்மிடம் இல்லையே! அன்றே தலைமை அலுவலகத்துக்கு 'எந்த நீலம்?' என்று எழுதினார். அவசரத்தில் லகரம் ளகரமாயிற்று. மூன்று வாரம் ஆராய்ந்தபின், 'பத்தடி நீளம்' என்று விடை வந்தது. அவர் பிழை திருத்தி மீண்டும் எழுதுவதற்குள் ஜூன் பிறந்தது, மழையும் பிறந்தது.

ஒன்பதாம் எண் காம்பராவில் குடியிருந்த அன்னக்கிளி அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"கிளாக்கரய்யா, தகரம் எப்பங்க போடுவீங்க? ஊட்டுக்குள்ள பாய் விரிக்க எடமில்ல, சட்டி வைக்கத்தான் எடமிருக்கு. புள்ளையக் கூடலூர்ல அக்கா ஊட்டுல விட்டிருக்கேன். கூர வந்தாத்தான் கூட்டியாறணும்."

"அன்னக்கிளி, நீலம்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாமங்களா? அந்தா, எங்க ஊட்டு மேல கெட்டியிருக்கே தார்ப்பாயி, அதானுங்க."

"அது காட்டுறது. நான் சொல்லச் சொன்னேன்."

"கண்ணுக்குத் தெரியிறத வாயால எதுக்குங்க சொல்லணும்?"

பொன்னுத்துரைக்கு நெஞ்சில் லேசாக ஏதோ உறுத்தியது. உடனே ஒரு குறிப்பெழுதினார், உறுத்தல் நின்றது. குறிப்பு யாதெனில்: 'தொழிலாளி நீலத்தைக் காண்கிறாள், ஆனால் அறியவில்லை.' மேலும், முடிவெடுக்குமுன் ஒரு நீலம் கண்ணில் படுவது 'நடுநிலைக்குக் குந்தகம்' என்று தார்ப்பாயும் அகற்றப்பட்டது. பதிலுக்கு, நிறமென்று சொல்ல இயலாத இரண்டு உரச்சாக்குகள் மனிதாபிமானத்தோடு வழங்கப்பட்டன. புதுத் தகடுகளோ, மழை பட்டால் பளபளப்புக் குன்றும் என்பதால், ஃபேக்டரிக் கொட்டகையில் நனையாமல் உறங்கின.

ஜூலையில், திருத்திய கடிதத்துக்கு விடையாக, ஒரு வரையறைக் குழுவே வந்தது. தலைவர், பல குழுக்களுக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்ற தினகரன். நிபுணர், கோவையிலிருந்து இருநூறு நீலக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையோடு வந்த ராஜகுமாரி. தாங்கள் தங்கிய தோட்டப் பங்களாவின் சன்னலைத் திறந்தார்கள். வெள்ளையாக மூடுபனி. அது விலகியதும் பச்சையாகத் தேயிலை.

"நீலமலைன்னாங்க, நீலத்தையே காணோமே?" என்றார் தினகரன்.

"தூரத்துன்னு பார்த்தா நீலம் சாரே. கிட்டக்க வந்தா பச்சை," என்றார் ஷிஜோ.

குழு மெய்சிலிர்த்தது. உடனே இரு தீர்மானங்கள் நிறைவேறின. முதலாவது, மலை நீலமாகத் தெரியும் மேட்டுப்பாளையத்துக்குக் குழு இறங்கிச் செல்வது. இரண்டாவது, மலைமேல் வசிப்போர் மலையின் நீலத்தைப் பற்றிக் கருத்துரைக்கத் 'தகுதியற்றோர்' என அறிவிப்பது.

மேட்டுப்பாளையத்தில் மொட்டைமாடியுள்ள விடுதி ஒன்றில் குழு இருபது நாள் காத்திருந்தது. மேகம் மூடியிருந்ததால் மலையே தெரியவில்லை. அதனாலென்ன? நீலத்தைக் காணாமலே அறுபத்துநான்கு பக்கங்களில் வரையறுத்தார்கள். அலைநீளம் குறித்தார்கள், அட்டவணை போட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி: இருநூறு கட்டங்களுள் எது? 'தோட்டத்தில் இயல்பாக விளைந்த ஏதேனும் ஒரு நீலத்தோடு பொருந்துவதே' என்று விதி செய்துகொண்டு, ஆகஸ்டில் மீண்டும் மலையேறினார்கள்.

தேடினார்கள். ஒரு பூவின் முன் அட்டையை நீட்டினார்கள், அது ஊதா. ஒரு குருவியின் பின்னால் ஓடினார்கள். அதற்கு ஒத்துழைக்கும் எண்ணமில்லை. மறுநாள் சோர்வோடு பிரட்டுக்களத்துக்கு வந்தபோது, காலைப் பெயர்ப்பதிவுக்காகப் பெண்கள் மழையில் வரிசையாக நின்றிருந்தனர். முன்னால் நின்ற அன்னக்கிளியின் பற்கள் கிடுகிடுத்தன.

ராஜகுமாரி சட்டென்று நின்றார். அட்டையை அன்னக்கிளியின் உதட்டருகே பிடித்தார்.

"சார்! நூத்தி முப்பத்தேழு! இம்மியும் மாறல!"

"ஒரு சான்று போதாதும்மா. நகத்தையும் பாருங்க."

"நகமும் நூத்தி முப்பத்தேழுதான் சார்!"

தினகரன் குடையை ஷிஜோவிடம் கொடுத்துவிட்டுக் கைதட்டினார். பொன்னுத்துரையின் கண்கள் பனித்தன. வண்ணம் குழைக்கும்வரை மாதிரி கலையாமல் காக்கவேண்டிய பொறுப்பு இனித் தம்முடையதன்றோ! அந்த வேளையில் அன்னக்கிளி, பக்கத்தில் நின்றவள் நீட்டிய சூடான டம்ளரை வாயருகே கொண்டுபோவதைக் கண்டு பதறினார்.

"ஐயையோ, அன்னக்கிளி! டீயக் குடிச்சிராத! நெறம் போயிரும்!"

அன்னக்கிளி ஒரு மிடறு குடித்தாள். பிறகு சொன்னாள்:

"பயப்படாதீங்கய்யா. மூணு மாசமா நீங்கெல்லாம் சேந்து பூசுன நெறம், ஒரு டம்ளர் டீயில போயிருமாங்க?"