மேதகு கடைவாய்ப் பல்

ஆளுநரின் மனைவிக்குப் பல்வலி வந்தது. ஊரில் எல்லோருக்கும் வருகிற அதே பல்வலிதான். கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிப் பல். ஆனால் வந்த இடம் ஆளுநர் மாளிகை என்பதால், இத்தனை காவலைத் தாண்டி அது எப்படி உள்ளே நுழைந்தது என்பதே முதலில் பெரிய பேச்சாகிவிட்டது.

அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பல் வலித்தால் பல் டாக்டர் என்று வாழ்ந்து பழகியவர். கணவர் தேர்தலில் தோற்றுப்போய், ஆறுதலுக்காகக் கட்சி அவரை ஆளுநராக்கிய பிறகுதான், தனக்கு இரண்டு வாழ்க்கைகள் இருக்கும் விவரம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒன்று பொதுவாழ்க்கை, மற்றொன்று சொந்த வாழ்க்கை. இரண்டையும் நெறிமுறை அதிகாரி கவனித்துக்கொண்டார்.

"தம்பி, பல்லு உயிர் போகுது. தெருக்கோடியில ஒரு பல் டாக்டர் போர்டு பார்த்தேன். நடந்தே போயிட்டு வந்துடறேன்" என்றார் அம்மாள்.

அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நடந்தா! அம்மா, முதல்ல ஒண்ணு தெளிவாகணும். இது சொந்தப் பல்லா, பொதுப் பல்லா?"

"என் வாயில இருக்கு. வேற யாரோடதா இருக்கும்?"

"வலி உங்க சொந்த விஷயம்தாம்மா. அதுல அரசாங்கம் தலையிடாது. ஆனா வாய் அப்படியில்ல. விழாவுல பேசறது, சிரிக்கறது எல்லாம் அதாலதானே? அது பொதுவாழ்க்கையில சேர்த்தி. அதுல கை வைக்கணும்னா மருத்துவக் குழு கூடணும்."

"எப்பக் கூடும்?"

"குழுத் தலைவர் வெளிநாடு போயிருக்கார். பல் பாதுகாப்பு மாநாடு. அவர் திரும்பி வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோங்க."

"கடிக்க முடியலைன்னுதானே தம்பி சொல்றேன்!"

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் முறையிட்டார். "ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நானா?" ஆளுநர் பரிதாபமாகப் பார்த்தார். "நான் கையெழுத்துப் போடறவன்மா. எங்க போடணும்னு அவங்கதான் காட்டுவாங்க."

அன்று மாலை மலர்க் கண்காட்சித் திறப்பு விழா. அம்மாள் இடது கையைக் கன்னத்தில் வைத்தவர், விழா முடிகிறவரை எடுக்கவேயில்லை. மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம்தான். 'மலர்களின் நடுவிலும் மக்கள் நினைவு' என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஏழைகளுக்காக இப்படிக் கவலைப்படும் முகத்தைத் தாங்கள் கண்டதில்லை என்று இன்னொன்று உருகியது.

அவ்வளவுதான், அந்தப் பாணி ஊருக்குள் தீயாய்ப் பற்றிக்கொண்டது. அதிகாரிகளின் மனைவிமார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே கடைக்குப் போனார்கள், கல்யாண வீட்டில் சாப்பிட்டார்கள். நகைக்கடையில் இடது கைக்கு மட்டும் மோதிரங்கள் வந்தன. செயலாளர் ஒருவரின் மனைவி பாவம், இடது கைப் பழக்கக்காரர். அந்தக் கையில் காப்பிக் கோப்பை இருந்ததால் வலது கையைக் கன்னத்தில் வைத்துவிட்டார். அவர் எதிர்க்கட்சி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வலி காதுவரை ஏறிய ஒரு நாள், அம்மாள் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக நடந்தார். காவலாளிகளுக்குக் காரைப் பார்த்து சல்யூட் அடித்துத்தான் பழக்கம். நடந்துபோகிறவரை யாரும் கவனிக்கவில்லை.

பல் டாக்டர் வீட்டு முன்னறையில் உட்கார இடமில்லை. அத்தனை பெண்களும் கன்னத்தில் கை.

"வலியா, ஸ்டைலா?" என்று கேட்டாள் சீட்டுக் கொடுக்கும் பெண்.

"என்னது?"

"ஸ்டைலுன்னா கன்னம் லேசா உப்பினாப்பல இருக்கப் பஞ்சு வைப்போம். வலின்னா பிடுங்குவோம். இப்ப வலிக்குக் கூட்டமே இல்ல, நேரா உள்ள போங்க."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கவர்னர் சம்சாரம் மாதிரியா? பரவாயில்ல, வருது. ஆனா அவங்க இன்னும் கொஞ்சம் மேல வைப்பாங்க" என்று கையைத் திருத்தி வைத்துவிட்டு, பல்லைப் பிடுங்கினார்.

அம்மாளுக்கு உலகமே லேசானது. கையை வீசிக்கொண்டு மாளிகைக்குள் வந்தவரைப் பார்த்து நெறிமுறை அதிகாரிதான் இடிந்துபோனார்.

"அம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரித் திறப்பு விழா. கையை எடுத்துட்டீங்கன்னா, மக்களைப் பத்திக் கவலைப்படறதையே விட்டுட்டீங்கன்னு எழுதுவாங்க!"

"உண்மையைச் சொல்லிட்டுப் போறேன்" என்றார் அம்மாள்.

சொல்லியும்விட்டார். எழுதிக்கொடுத்த உரையை மடித்து வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "எனக்கு ஒரு சொத்தைப் பல் இருந்துச்சு. வேலை ஒண்ணும் செய்யாது, உள்ள உட்கார்ந்துக்கிட்டு வலியை மட்டும் கொடுக்கும். பிடுங்கி எறிஞ்சுட்டேன். இப்ப நிம்மதியா இருக்கு. வேற ஒண்ணுமில்லை."

முன்வரிசையில் அதுவரை பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அமைச்சர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். பின்வரிசைகளில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மேடையை விட்டு இறங்கியதும் நீர்ப்பாசன அமைச்சர் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, அந்தப் பல்லு... நம்ம துறையா?"

"கடைவாய்ப் பல்லுங்க."

"கடைவாயா?" அவர் கடைமடை வாய்க்கால்களை நினைத்துக்கொண்டு தள்ளாடிப் போனார். அடுத்து வந்த அமைச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரைச் சொன்னீங்கன்னு எனக்குப் புரிஞ்சுதும்மா. அந்தாள் ரொம்ப நாளாவே சொத்தை."

குமாஸ்தாக்கள் மேலதிகாரியை நினைத்துக் கைதட்டினார்கள். மேலதிகாரிகள் துறை இயக்குநரை நினைத்துத் தட்டினார்கள். ஜனங்கள் அத்தனை பேரையும் சேர்த்து நினைத்துத் தட்டினார்கள். தட்டிய கைகளில் ஒன்றுகூடத் தட்டியவரையே சந்தேகிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆளுநர் பரிமாறுகிறவர்களை வெளியே போகச் சொன்னார். அந்த மாளிகையில் அவர் தானாகவே போட்ட முதல் உத்தரவு அது.

"ஏம்மா," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "வேலை ஒண்ணும் செய்யாம உள்ள உட்கார்ந்திருக்குன்னு சொன்னியே... அது நான் இல்லையே?"

"சே! உங்களைப் போய் சொல்வேனா?" அம்மாள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "உங்களைப் பிடுங்கறதுன்னா மேலிடத்துலேர்ந்தில்ல ஆள் வரணும்."

ஆளுநர் அதற்குப் பிறகு ஒரு வாய்கூட மெல்லவில்லை. அம்மாள் மட்டும் வலப்பக்கமாக மென்று, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.