கண்டக்டர் கேட்காத ஒரு வார்த்தை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் பொன்னேரியில் யாரும் தன் இஷ்டத்துக்குச் செத்துவிட முடியாது. கண்டக்டர் விடமாட்டார். கண்டக்டர் என்றால் எங்கள் கடைத்தெரு டாக்டர். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், நம் ஜனங்கள் பயந்துபோய் செங்குன்றத்திலேயே இறங்கி, டீ குடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பார்த்தார் மனுஷர். நோயாளியை ஜன்னலோரம் தள்ளி, தானே பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட்டும் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் கண்டக்டர்.

பொய்க்கும் பஞ்சமில்லை. மனைவியிடம், "உன் ஊட்டுக்காரு ஆபரேஷனுக்கு சரின்னுட்டாரும்மா" என்பார். கணவனிடம் போய், "உன் சம்சாரமே சரின்னுச்சு, உனக்கு இன்னாய்யா பேஜாரு?" என்பார். இருவரும் கலந்து பேசுவதற்குள் தையலே பிரித்திருப்பார்கள். ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தேன், எங்கள் முறை வரும்வரை.

என் அப்பா பழவேற்காடு ஏரியில் வலை போடுபவர். கெளுத்தி முள் குத்திய கால் அழுகி, முழங்கால்வரை கறுத்துவிட்டது. "புண்ணக் கழுவிக்கினு சாயங்காலமே வந்துடலாம், நைனா" என்று கண்டக்டர் அவரை பஸ் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் என்னைத் தனியே இழுத்தார்.

"உங்க நைனாவ கேட்டா வாணாம்னுவாரு. வாணாம்னா செத்துடுவாரு. போடு கையெழுத்த."

போட்டேன். கண் விழித்த அப்பா போர்வையைத் தடவிப் பார்த்தார். இடது கால் இல்லை.

அப்பா பிழைத்தார், படகேறவில்லை. புண் ஆறிய பிறகும் கண்டக்டர் வாரம் தவறாமல் வீட்டுக்கு வருவார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். "உயிரு கீதில்ல, ஒரு வார்த்த பேசேன்யா" என்று அவரும் சுவரிடமே நலம் விசாரித்துவிட்டுப் போவார். இப்படியே ஆறு வருஷம். கையெழுத்துப் போட்ட என்னிடம் பேசிய அப்பா அவரிடம் பேசாதது எனக்கு வெட்கமாக இருக்கும்.

பிறகு கண்டக்டருக்கே தொண்டையில் புற்று வந்தது. தனிக்கட்டை. மெட்ராஸ் போகமாட்டேன் என்று படுத்துவிட்டார். சேதி கேட்டதும் அப்பா ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சண்டைக்குத்தான் போகிறார் என்று பயந்து நானும் கூடப் போனேன்.

அப்பா கட்டிலோரம் உட்கார்ந்தார். "பொய் சொல்லி உன்ன பஸ் ஏத்த எனக்கும் தெரியும் டாக்டரே. மாட்டேன். உன் ஒடம்பு. நீ இன்னா சொல்றே?"

கண்டக்டர், அப்பாவின் இல்லாத காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கியே இருந்துர்றேன்" என்றார். பாதிதான் குரல் வந்தது.

"சரி."

பதினேழு நாள் அப்பா அங்கேயே தங்கிக் கஞ்சி ஊட்டினார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வழியில் நின்றுவிட்டார்.

"என்னிய ஒரு வார்த்த கேட்டிருந்தா, கால எடுங்கடான்னு நானே சொல்லியிருப்பேன்டா. இந்த ஆளோட ஆறு வருசம் பேசிக்கினு இருந்திருக்கலாம்."