கடைசி வரி வரைக்கும்

"மேலோட்டமா மேயக்கூடாது. ஒரு சொல்லும் விடாமல் வாசிக்க வேணும், விளங்கிச்சோ?" என்று ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிவிட்டு, சிவரூபன் ஆசிரியர் மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

பாடசாலை அதிபர் நடராசாவைக் காணவில்லை. சிவரூபனின் இடமாற்ற விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்து விழுந்து, பன்னிரண்டு மணிக்குள் அது கல்விப் பணிமனைக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னுமொரு வருடம் இரண்டு பஸ் மாறி வருகிற சீவியந்தான்.

ஆசிரியர் அறையிலும் பாதிப்பேர் இல்லை. 'ஒருத்தருக்கும் பொறுப்பில்லை' என்று முணுமுணுத்தார், தாமே முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்ததை மறந்து. பாடசாலையின் வட்ஸ்அப் குழுவைப் பார்த்திருக்கலாம். காலை வணக்கப் படங்களின் தொல்லை தாங்காமல் அதை அவர் திறப்பதேயில்லை.

பாடத்துக்கு அன்றைய பத்திரிகையின் மரண அறிவித்தல் ஒன்று. ஊரே கண்ணாடி போட்டு வாசிக்கிற பக்கம் அதுதானே! பஸ் நிலையத்தில் ஐந்து பிரதி வாங்கி, மூன்று வரி பார்த்ததும் 'பாடத்துக்கு இது காணும்' என்று மடித்து வைத்தவர்.

"காலமானது ஆர்?"

"அருமைநாயகி, சேர்! பிறந்தது குப்பிழான், இருந்தது திருநெல்வேலி!"

"பேரப்பிள்ளையள் எத்தினை?"

கைவிரல் போதாமல் தனோஜன் சப்பாத்தைக் கழற்ற, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அதிபருக்கு அழைப்பு எடுத்தார். துண்டிக்கப்பட்டது. உடனே ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "என்ன சேர், பத்து மணியாகுது, இன்னும் நித்திரையோ? வந்து ஒரு கையெழுத்தை வையுங்கோவன்!"

"இப்ப ஏலாது" என்று பதில் வந்தது.

ஐயோ, மனிசன் கோவிச்சுப்போட்டுது! எப்படியாவது குளிர்விக்க வேண்டும். அறிவித்தலும் கையுமாகப் பிள்ளைகள் சிரிப்பதைப் படம் எடுத்து அனுப்பினார்: "இண்டைய பாடம். ஒரே கும்மாளம், சேர்!"

நீலக்குறி மட்டும் விழுந்தது.

'என்ரை வாய்க்கு ஒரு பூட்டு வாங்கோணும்' என்று தன்னையே திட்டிக்கொண்டு சிவரூபன் வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"சரி, கடைசி வரியளை ஆர் வாசிக்கிறது?"

கஜந்தினி எழும்பி, பேப்பரை மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள்.

"இறுதிக்கிரியை இன்று காலை பத்து மணிக்கு. தகவல்: மருமகன் நடராசா, அதிபர். பிறகு எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பேர் கிடக்கு, சேர்."