எட்டுக்கால் சார் பிடித்த ஆள்

சீட்டுக்கு ஆள் பிடிப்பவர்கள் உண்டு, கட்சிக்கு ஆள் பிடிப்பவர்கள் உண்டு. சிலந்திக்கு ஆள் பிடிப்பவர், தாம்பரத்தைச் சுற்றி எங்கே தேடினாலும், அஸ்தினாபுரம் எட்டுக்கால் சார் ஒருவர்தான்.

தொழில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஆனால் அவர் பாலிசி பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. வீடு முழுக்க பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாவுக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் ரோமத்தோடு டாரன்டுலா சிலந்திகள். "ஐயோ, இது என்ன சார்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆர்வம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். தேங்காய் நார்த்தூள் பரப்பிய டப்பாவில் ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். "நாய் மாதிரி குரைக்காது, பூனை மாதிரி பால் கேக்காது, மாப்ள மாதிரி கோச்சுக்காது. வாரம் ஒரு கரப்பான் போட்டா போதும் சார்" என்பார்.

மின்சார ரயிலில் அவர் மடியில் டப்பா இருந்தால், தாம்பரத்திலிருந்து கிண்டி வரை அந்த பெஞ்ச் முழுவதும் அவருக்குத்தான். குரோம்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் டப்பாவையே பரிசாகக் கொடுத்தார். மாப்பிள்ளை பிரித்துப் பார்த்தார். பந்தியில் பாயசம் வருவதற்குள் டப்பா சாரின் இலைக்குப் பக்கத்தில் திரும்பி வந்துவிட்டது.

கொடுத்ததெல்லாம் இப்படித்தான் திரும்பி வரும். அவரும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடுவார். சிலந்தியைப் பற்றிப் பேச ஊரில் இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்த ஒரு ஆள்தான் அகப்படவில்லை.

பாலிசியில் கையெழுத்துப் போடப் போன நானும் டப்பாவோடுதான் சேலையூர் திரும்பினேன். அதை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்க என் மனைவி அனுமதித்தாள். என்னோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு காலை பார்த்தால், சிலந்தி மல்லாக்கக் கிடந்தது. அசைவே இல்லை. அதிசயமாக என் மனைவி "பாவம்" என்றாள். புதைத்துவிடலாம் என்று செம்பருத்தித் தொட்டியில் குழியும் தோண்டிவிட்டாள். துக்கம் சொல்ல சாருக்கு போன் செய்தேன்.

"கால் உள்ள மடங்கியிருக்கா, விரிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

விரிந்துதான் இருக்கிறது என்றேன்.

"தொட்டுடாதீங்க சார். செத்தா காலை மடக்கிக்கும். இது தோல் உரிக்குது. இப்ப உங்க கை பட்டாதான் செத்துப்போகும். நான் வரேன்."

கட்டிய லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வந்தவுடன் வீட்டில் ஊரடங்கு. வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, எல்லாம் அதிரும் என்றார். இட்லி வெந்தும் சட்னி அரைபடவில்லை. பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பதுபோல மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி முதலில் கோபமாக, பிறகு சும்மா, பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

மதியம் தாண்டித் தோல் வெடித்தது. ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு சிலந்தி புதுசாக வெளியே வந்தது. பழைய தோல், கால் ரோமம் உட்பட இன்னொரு சிலந்தியாகவே பக்கத்தில் கிடந்தது. ரெண்டாகிவிட்டதா என்று முதலில் பதறிய என் மனைவி, விஷயம் புரிந்ததும் சாரைப் பார்த்து, "அடுத்தது எப்ப சார் உரிக்கும்? அப்பவும் நீங்க வந்துடணும்" என்றாள்.

சார் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கேட் வரை போய் நின்றார்.

"எனக்கு போன் பண்றவங்க எல்லாம், வந்து எடுத்துட்டுப் போங்கன்னுதான் சார் சொல்வாங்க. சிலந்திக்காக வருத்தப்பட்டு யாரும் பண்ணதில்ல."

சிலந்திக்கு ஒரு குறையும் இல்லாத நாட்களிலும் இப்போது அவருக்கு போன் செய்கிறோம். அவர் குரலைக் கேட்காவிட்டால் எங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.