கண்டல்முனையில் கணிதம் தெரிவுப் பாடமான வரலாறு

“எக்ஸைக் கண்டுபிடிச்சு நீங்க என்ன மகள் செய்யப் போறீங்க?”

கண்டல்முனை முஸ்லிம் வித்தியாலயத்தின் அதிபர் மீராசாஹிப், எட்டாம் தரத்துப் பஹ்மாவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். பஹ்மாவுக்குப் பதில் தெரியும். ஆனால் அவள் முகம் பார்த்துப் பேசப் பழகாத பிள்ளை. சொல்ல நினைத்தது தொண்டைக்கு ஏறி வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார். அன்று அதிபரும் போய்விட்டார். அவருக்கு ஒரு புரட்சி காத்திருந்தது.

உலகக் கல்வி வரலாற்றை எழுத நினைக்கிறவர்கள் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வந்து, ஆலங்குடாவுக்குச் சற்று முன்னால் இறங்கி, கடற்காற்றில் ஓடுகள் ஆடும் இந்தப் பாடசாலைக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டே பேனாவைத் திறக்க வேண்டும். மற்ற நாடுகள் ஆசிரியர் பற்றாக்குறையை ஆசிரியர்களைக் கொண்டு தீர்க்கப் பார்த்து வீணாய்ப் போயின. கண்டல்முனை அதை ஆசிரியர் எவருமில்லாமலே, ஒரே கூட்டத்தில், தேநீருக்கும் பணிசுக்கும் இடையில் தீர்த்து வைத்தது.

பற்றாக்குறை பெரிதாகத்தான் இருந்தது. ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லை. விஞ்ஞானத்துக்கு ஆளில்லை. சிங்களத்துக்கு வந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கணிதத்துக்கு உடப்புவிலிருந்து பஸ்ஸில் வந்துபோன அருமைநாயகம் சேருக்கு, வகுப்பு நடக்கும்போதே இடமாற்றக் கடிதம் வந்தது. கரும்பலகையில் 5(x – 2) = 3x + என்று எழுதிக்கொண்டிருந்தவர், கூட்டல் அடையாளத்தோடு வெண்கட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பலகை வேறு எவருக்கும் தேவைப்படவில்லை. ஆகவே அந்தச் சமன்பாடு ஒரு வருடமாக அப்படியே நின்றது.

பஹ்மா மட்டும் அதை விடவில்லை. கூட்டல் அடையாளத்துக்குப் பின்னால் நாலைப் போட்டால் எக்ஸ் ஏழு. ஆறைப் போட்டால் எட்டு. ஐந்தைப் போட்டால் ஏழரை. பாதிக் கணக்குக்கு இத்தனை விடை இருக்கலாமா, இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்பதற்கு ஓர் ஆள்.

இந்த வேளையில்தான் கொழும்பிலுள்ள ஒரு தர்ம ஸ்தாபனம் ‘முழுமைப் பாடசாலை’ விருதை அறிவித்தது. ஆசிரியர் வெற்றிடமே இல்லாத பாடசாலைக்கு, பெண்பிள்ளைகளுக்கான மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும் பரிசு. கண்டல்முனையின் பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மலசலகூடம் இருந்தது. அதற்குக் கதவும் இருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. செயலாளர் அத்தாஉல்லா ஹாஜியாருக்கு முந்தலில் இறால் பண்ணை, ஊரில் வெங்காயத் தோட்டம். ஆகவே கல்வி பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“சேர், கணக்குப் படிப்பிக்க ஆளில்ல. சரி. படிக்க ஆளிரிக்கா?”

“புள்ளைகள் இரிக்கிதானே ஹாஜியார்.”

“அது நீங்க கட்டாயமாக்கி வச்சதால. விருப்பமுள்ளவங்க படிங்கண்டு விட்டுப் பாருங்க. படிக்க ஒருத்தருமில்லாத பாடத்துக்குப் படிப்பிக்க ஆள் எதுக்கு? அப்ப வெற்றிடம் எங்க?”

கூட்டம் மூச்சடைத்துப் போனது. ஒருவர் “மாஷா அல்லாஹ்” என்றார். இன்னொருவர், கணிதம் நாடு முழுக்கக் கட்டாயப் பாடமல்லவா என்று மெல்ல இழுத்தார்.

“அது அவங்கட கட்டாயம். எங்களுக்கு என்ன கட்டாயம்?” என்றார் ஹாஜியார். தீர்மானம் நிறைவேறியது.

அன்றிலிருந்து ஆசிரியர் இருக்கும் பாடங்கள் ‘கட்டாயப் பாடங்கள்’ ஆயின: இஸ்லாம், தமிழ், சித்திரம். ஆசிரியர் இல்லாதவையெல்லாம் ‘தெரிவுப் பாடங்கள்’. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், சிங்களம் ஆகியவற்றை இனி எந்தப் பிள்ளையும் சுதந்திரமாகத் தெரிவு செய்யாமல் விடலாம்.

கட்டாயப் பாடங்கள் மூன்றுதானா என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதல்லவா? ஆகவே நான்காவதாக ‘வரவேற்பு’ சேர்க்கப்பட்டது. இதற்கு ஊரே ஆசிரியர். தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில், வெள்ளை ஜீப் ஒன்று கொடியோடு வந்தால் உடனே இரண்டு வரிசையாக நிற்க வேண்டும் என்று சனம் பழகியிருந்தது. நின்றால் அரிசி வரும், சிலவேளை வாளியும் வரும். யுத்தம் முடிந்ததும் ஜீப்புகள் வடக்கே போய்விட்டன. வரிசை மட்டும் மிஞ்சியது. அந்த அரும்பெரும் அறிவு அழிந்துபோக விடலாமா?

பாடத்திட்டம் மிகச் சிறப்பாக இருந்தது. ஆறாம் தரத்துக்கு வெயிலில் நிற்றல். ஏழாம் தரத்துக்குப் பூவிதழ் தூவுதல். எட்டாம் தரத்துக்குத் தட்டு ஏந்தலும் மாலையும். எந்தக் கேள்விக்கும் புன்னகையே பதில். ஒன்பதாம் தரத்துக்குப் பேண்ட் வாத்தியம். மாலை பிளாஸ்டிக். விருந்தினர் அடக்கத்தோடு கழற்றி மேசையில் வைத்ததும், அதைத் துடைத்து அடுத்தவருக்குத் தயாராக வைப்பது எட்டாம் தரத்தின் செய்முறைப் பயிற்சி. பாடத்தின் பொன்விதி ஒன்றே: வரிசைகளுக்கு நடுவால் யார் நடந்தாலும் வாத்தியம் முழங்க வேண்டும். ஆள் யாரென்று ஆராய்வது மரியாதைக் குறைவு.

முதல் தவணையிலேயே பயன் தெரிந்தது. பாலாவிச் சந்தியில் பிழையாகத் திரும்பிவிட்ட ஒரு வெள்ளை வான் வாசலில் நின்றது. முந்தலுக்கு வழி கேட்க இறங்கிய சாரதிக்கு மாலை விழுந்தது. அவர் மேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். “பிள்ளைகள் நல்லாப் படிக்க வேணும், எனக்கு இறால் தீன் இறக்க நேரமாச்சு” என்று உரையாற்றினார். போகும்போது ஒரு மூடை இறால் தீனைப் பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்தார். அந்த வருடம் வந்த விருந்தினர்களில் எதையாவது கொடுத்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான்.

பிறகு தெரிவு நாள் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். “ஒங்கட மனசுல உள்ளதப் போடுங்க மக்கள்” என்றார் அதிபர். “ஒண்டும் போடாட்டியும் மனசுதான்.”

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஒருவரும் ஒன்றும் போடவில்லை. பஹ்மா மட்டும் ‘கணிதம்’ என்பதற்கு நேரே அடையாளமிட்டாள். மனதில் உள்ளதைப் போடச் சொன்னதால் போட்டாள். வாயால் சொல்லத் தேவையில்லாத கேள்வி ஒன்று அவளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்திருந்தது.

ஒரு பிள்ளை கேட்டால் ஒரு பாடம். ஒரு பாடம் இருந்தால் ஓர் ஆசிரியர். ஆசிரியர் இல்லையென்றால் ஒரு வெற்றிடம். சங்கம் அவசரமாகக் கூடியது.

“யார்ட மகள்?” என்றார் ஹாஜியார்.

“பளீலாட மகள். மன்னார்ப் பக்கமிருந்து வந்த பளீலா. ஒங்கட வெங்காயத் தோட்டத்துலதான் வேல” என்றார் அதிபர்.

“தொண்ணூறுல வந்தவங்களா? இன்னம் வந்துகொண்டா இரிக்காங்க? திரும்பிப் போனா பிரச்சின முடிஞ்சிதே.”

“அங்க போனாலும் கணக்குத்தானே கேக்கும் அந்தப் புள்ள?”

“அது மன்னாருக்கு வாற வெற்றிடம். நமக்கென்ன?”

ஆனால் ஹாஜியார் கல்நெஞ்சர் அல்லர். மறுநாள் தோட்டத்தில் பளீலாவிடம் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகளின் படிப்பைப் பற்றி அன்போடு விசாரித்தார். இரண்டு தடவை விசாரித்தார். மூன்றாம் தடவை விசாரித்தபோது பளீலா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

வீட்டில் மகளிடம் சொன்னாள்: “கணக்க மனசுக்குள்ள படிங்க மகள். தாள்ல வேணாம்.”

“மனசுக்குள்ள சொல்லித் தர ஆளில்லையே உம்மா.”

“தாள்ல மட்டும் ஆளிரிக்கா?”

அதற்குப் பிறகும் பஹ்மா தாளை மாற்றவில்லை. அவளை மாற்றியவள் பக்கத்துக் கதிரையில் இருந்த கமீலா.

“நான் காலையில தண்ணி குடிக்காமத்தான் வாறன், தெரியுமா?” என்றாள் கமீலா. “பின்னேரம் வீட்ட போய்த்தான் குடிப்பன். தல சுத்தும். நாங்க எல்லாரும் அப்படித்தான். ஒன்ட எக்ஸுக்கு ஒரு கதவு இரிக்கா புள்ள? ஒரு பூட்டு இரிக்கா?”

பஹ்மாவும் காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் வருவாள். அவள் அதிபரின் அறைக்குப் போய்ப் புதிய தாள் கேட்டாள். ஒன்றும் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுதான் மகள் சுதந்திரம்” என்று அதிபர் கண்கலங்கினார்.

விருது விழா நாள். கொழும்பிலிருந்து வரவேண்டிய ஸ்தாபனத்து மேடத்துக்கு முன்னால், கையில் பையோடு ஓர் இளைஞர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசைகளுக்கு நடுவால் நடந்துவந்தார். பொன்விதிப்படி வாத்தியம் முழங்கியது. பூ விழுந்தது. தட்டோடு நின்ற பஹ்மா மாலையைப் போட்டாள். அதிபர் கட்டித் தழுவி, நடுக்கதிரையில் இருத்தி, சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

“சேர், நான் இன்சாப். புதுசா நியமனம் கிடைச்ச கணித ஆசிரியர். கையொப்பம் வச்சுத் தந்தீங்கண்டா இண்டைக்கே பாரமெடுப்பன்.”

அதிபரின் முகம் வெளிறியது. ஹாஜியார் சோடாப் போத்தலை மெல்லத் திருப்பி எடுத்தார். பஹ்மா மாலையைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. மேடத்தின் ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு வருடமாகத் தேடிய ஆள், அவள் கழற்றிய மாலைக்கு அடியில் இருந்தார்.

“தம்பி, இங்க கணிதத்துக்கு வெற்றிடமில்ல” என்றார் அதிபர்.

“ஆசிரியர் இரிக்கிறாரா சேர்?”

“இல்ல.”

“அப்ப?”

“மாணவரும் இல்ல. அதுதான் எங்கட சாதன.”

இன்சாப் சுற்றிலும் நின்ற நானூறு பிள்ளைகளைப் பார்த்தார். “ஒரு புள்ளையாவது கேட்டா நான் நிப்பன் சேர்” என்றார். அதற்குள் மேடம் மேடையேறி, என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. பிரச்சினை ஒன்றுமில்லை, இங்கே பிள்ளைகளின் விருப்பப்படியே எல்லாம் நடக்கிறது என்று அதிபர் சிங்களத்தில் விளக்கினார். நிரூபிப்பதற்காக, புன்னகையில் முதற்பரிசு பெற்ற எட்டாம் தரத்திலிருந்து, மிக அமைதியான பிள்ளையைக் கூப்பிட்டு ஒலிவாங்கியை நீட்டினார்.

“சொல்லுங்க மகள் பஹ்மா. கணிதம் வேணுமா?”

அவர் காத்திருந்தார். மேடமும் காத்திருந்தார். அவள் தொண்டைக்குச் சொல் ஏறி வரும்வரை யாரும் போய்விடாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“வேணும் சேர்” என்றாள் பஹ்மா. ஒலிபெருக்கியில் அது கடற்கரை வரைக்கும் கேட்டது.

அதிபர் மேடத்தின் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார். சிங்களம் தெரிவுப் பாடம்தான். ஆனாலும் முந்தல் கடைகளில் கேட்டுப் பழகிய ‘வத்துர’ என்ற சொல் பஹ்மாவுக்கு விளங்கியது. தண்ணீர். தண்ணீர்த் தாங்கி வேண்டுமென்று பிள்ளை கேட்கிறாளாம். மேடம் உருகிப்போய் அவள் கன்னத்தைத் தடவினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

“சேர், அந்தப் புள்ள கேட்டது...” என்று இன்சாப் எழுந்தார்.

“டொய்லட் வரட்டும் தம்பி” என்று அதிபர் அவர் காதோடு சொன்னார். “பொறகு நாங்களே ஒரு வெற்றிடம் திறப்பம். விழா வச்சுத் திறப்பம். ஒங்களையும் கூப்பிடுவன்.” ஹாஜியார் அவரைப் பின்வேலியில் இருந்த இடைவெளிவரை கூட்டிச்சென்று, பஸ் வரும் நேரத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்து திரைநீக்கம். மேடம் கயிற்றை இழுத்தார். பளிங்கில், தங்க எழுத்தில், ‘மாணவியர் மலசலகூடம் – அன்பளிப்பு’ என்று பெயர்ப்பலகை மின்னியது. மணலில் அது தனியாக நின்றது. கமீலா வரிசையை விட்டு ஓடிப்போய்ப் பலகையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு பக்கமும் பார்த்தாள்.

“கட்டிடம் இரண்டாம் கட்டத்தில்” என்று அறிவித்தார் ஹாஜியார். “பலகைதானே முக்கியம். பலகை இல்லாட்டி எங்க கட்டுறதெண்டு எப்படித் தெரியும்?”

அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்தப் பாடசாலையில் குறை என்பதே இல்லை. இடைவிலகல் என்ற சொல்லே இங்கே கிடையாது. இன்றுவரை ஒரு பிள்ளைகூட எங்களை விட்டுப் போனதில்லை. இங்கே எல்லாமே அவர்களின் தெரிவு...”

பஹ்மா தட்டை மேசையில் வைத்தாள். மாலையை மடித்து அதன் மேல் வைத்தாள். மேடையிலிருந்து இறங்கி வாசலை நோக்கி நடந்தாள். வாசலுக்குப் போக வரிசைகளுக்கு நடுவால்தான் வழி.

வருகிறவரா போகிறவரா என்று பார்க்க அந்தப் பாடத்தில் எவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒன்பதாம் தரம் வாத்தியத்தை முழக்கியது. ஏழாம் தரம் பூவை அள்ளித் தூவியது. மேடம் எழுந்து நின்று கைதட்டினார். மேடம் எழுந்ததால் அதிபரும் ஹாஜியாரும் எழுந்து கைதட்டினார்கள். தலையெல்லாம் பூவிதழோடு பஹ்மா பாடசாலையை விட்டுப் போனாள்.