தலையைப் பார்த்து அடுக்கிய ஜாடிகள்

இரும்புலியூர்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய செல்வமேரி அத்தைக்கு, கிறிஸ்டினா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் சுகம். கோவையில் நீங்களும் பென்னி மச்சானும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது என்பதால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், நீங்கள் வாங்கித் தந்த வேலை போகவில்லை. போகப் பார்த்தது.

நீங்கள் இருபது வருடம் துடைத்த அதே காலேஜ் மியூசியத்தில், பறவைக் குடலில் வாழும் நாடாப்புழுக்களின் அலமாரியைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். நாற்பது ஜாடியையும் இறக்கித் தட்டுகளைக் கழுவிவிட்டுத் திரும்பினால் எது எங்கே இருந்தது என்று மறந்துவிட்டது, சீட்டில் இருப்பதோ எட்டாவதோடு நின்ற எனக்குப் படிக்க வராத நீளப் பெயர்கள், யாரையும் கேட்கவும் கூச்சம், அதனால் ஜாடியில் ஒட்டியிருந்த புழுத்தலைப் படங்களைப் பார்த்து, நாலு வட்டக் குழி இருப்பதெல்லாம் மேல்தட்டு, அதிலும் கொக்கி இருப்பது தனி வரிசை, குழிக்குப் பதில் இரண்டு கீறல் இருப்பது கீழ்த்தட்டு என்று சாயல் பார்த்து அடுக்கினேன். படமும் இல்லாத, தலையும் இல்லாத ஒரு வெள்ளைப் புழுவைக் கடைசியில் வைத்தேன்.

மறுநாள் லேப் பொறுப்பாளர் சம்பந்தம் சார் பார்த்துவிட்டார். "இன்னா பொண்ணு இது? காக்கா புழு ஒரு தட்டு, கோழிப் புழு ஒரு தட்டுன்னு முப்பது வருசமா கீது. யுனிவர்சிட்டி மேடம் வர்ற அன்னிக்குப் பாத்து பேஜார் பண்ணிட்டியே! நாளைலேந்து வராத" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அதற்குள் அந்த யுனிவர்சிட்டி மேடம், ஸ்ரீவித்யா மேடம், வந்து அலமாரி முன் நின்றுவிட்டார்.

"அப்பாடா! பறவைய வெச்சுப் பிரிக்காம, புழுவோட தலைய வெச்சுப் பிரிச்சிருக்கீங்க. ஒரே காக்காவுக்குள்ள வேற வேற குடும்பத்துப் புழு இருக்கும் சார், அதுங்கள ஏன் ஒண்ணா உக்கார வெக்கணும்? யார் பண்ணது?"

"நம்ம கிறிஸ்டினா பொண்ணுதான் மேடம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அத்தை, ஒரு பொய்யைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. வேலை தங்கிவிட்டது. அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

உங்கள் முழங்கால் வலி குறைய தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
கிறிஸ்டினா

பி.கு. கடைசியில் வைத்த ஜாடியை மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது எந்தக் குடும்பத்துலயும் சேரலையே, புதுசா இருக்குமோ" என்று யுனிவர்சிட்டிக்கு எடுத்துப் போயிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், "ஒரு ஜாடிய ஒடச்சுட்டேன்டி, யார்கிட்டயும் சொல்லாத" என்று என் வெள்ளை ரிப்பனை வாங்கிப் போனீர்களே, அது எதற்கு என்று இன்று காலைதான் எனக்கு உறைத்தது. நான் எட்டாவதோடு நின்றேன், ரிப்பன் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்வாராம். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணுங்கள். பேசுகிறேன்.