குடும்ப முகம்

'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை தேடி ஞானிகள் காடு மலையெல்லாம் அலைந்தார்கள். தாடி வளர்த்தார்கள், பட்டினி கிடந்தார்கள், சிலர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அடையாளத் துறை அந்த வேலையை ஒரு கைப்பேசியில், நின்ற இடத்திலேயே முடித்துக் கொடுத்தது. மின் அடையாள அட்டை வந்த நாள் முதல், இணையத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் கடவுச்சொல் கேட்பதில்லை. முகத்தைக் காட்டினால் போதும். நீங்கள்தான் நீங்கள் என்று அரசாங்கமே சாட்சி சொல்லும். மனிதப் பிறவிக்கு இதற்குமேல் என்ன பேறு வேண்டும்?

இந்தப் பேறு முதலில் வாய்த்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்றில்தான் பல்லக்கா இருந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், ஜன்னல் இல்லாத பின்னறையில் உட்கார்ந்து பல்செட்டு செய்பவள். மெழுகில் வடித்து, அச்சில் ஊற்றி, ஒவ்வொரு பல்லாக மெருகேற்றி, முகமே பார்த்திராதவர்களின் வாயையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தன் வாயை அதிகம் திறக்க மாட்டாள். அவளுடைய கணவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வாயைத் திறக்கும் பொறுப்பு அவருடையது.

கடவுச்சொல் என்ற இருண்ட காலத்தில் அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்கும். செயலாளர் கூடத்தில் கணினி முன் உட்கார்ந்து, "ஏம்மா, என் பாஸ்வேர்ட் என்ன?" என்று குரல் கொடுப்பார். சமையலறையிலிருந்து பதில் வரும். வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. எல்லாம் பல்லக்கா வைத்தவை. எல்லாம் அவள் தலைக்குள் இருந்தன. ஒரு குடும்பத் தலைவர் தன் வங்கிக்குள் நுழைய மனைவியின் ஞாபகத்தை நம்பியிருந்த அவலம் அது.

அதனால்தான் சங்கக் கூட்டத்தில் செயலாளர் 'கடவுச்சொல் ஒழிப்புத் தீர்மானம்' கொண்டுவந்தார். தீர்மானம் பலத்த கைதட்டலோடு நிறைவேறியது. துறையின் அலுவலர் ஒருவர் கேமராவும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக வந்து, சங்க அறையில் முகாம் போட்டார். வரிசை மாடிப்படி வரை நீண்டது. அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், ஓர் அரிய சலுகையை அறிவித்தார்.

"குடும்பத் தொகுப்புன்னு ஒண்ணு இருக்கு சார். வீட்டுக்கு ஒரு முகம் போதும். அந்த ஒரு முகத்தை வெச்சே எல்லார் அட்டையும் திறக்கலாம்."

"பிரமாதம்! ஒற்றுமைன்னா இதுதான்," என்றார் செயலாளர்.

"என் அட்டைக்கு என் முகம் வேண்டாமா?" என்று பல்லக்கா மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கும் எனக்கும் நடுவுல என்ன பிரிவினை? அம்மாவே பேசாம நிக்கிறாங்க பாரு."

செயலாளரின் அம்மா பேசாமல் நிற்கவில்லை. "டேய், எனக்கு மீசை இருக்கற மாதிரி பதிஞ்சுடப் போறான்டா," என்று சொன்னார். அலுவலர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

"பல்லு நல்லாத் தெரியற மாதிரி சிரிங்க சார். திருடன் உங்க போட்டோவைக் காட்டி ஏமாத்திடக் கூடாதுன்னு ஏற்பாடு. மெஷின் பல்லைத்தான் முதல்ல பார்க்கும்."

செயலாளர் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார். அது ஊரறிந்த சிரிப்பு. முன்பு ஸ்கூட்டர் வழுக்கியதில் அவருடைய மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் போய்விட்டன. இப்போதிருக்கும் வரிசை பல்லக்காவின் கைவேலை. பொய்ப்பல் என்று யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று, இடதுபக்கக் கோரைப்பல்லை லேசாகச் சாய்த்து வைத்திருந்தாள். இயந்திரத்துக்கு அந்தச் சாய்வு மிகவும் பிடித்துப்போனது. 'தனித்துவமான முகம்' என்று பச்சை விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒளி வீசியது. மாமியார் உயிரோடு இருப்பதை ஓய்வூதிய அலுவலகத்துக்கு மகன் சிரித்துக் காட்டி நிரூபித்தார். "இவன் சிரிச்சாத்தான் நான் உயிரோட இருக்கேன்," என்று அந்த அம்மாள் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லக்கா தன் கண் பரிசோதனைக்கு நேரம் குறிக்க வேண்டுமென்றால், செயலாளர் செய்தித்தாளை மடித்து வைக்கும்வரை கைப்பேசியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அவர் சிரிப்பார், அவள் அவளாவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று கெடுத்தது. மாணவர்களுக்குப் பல்செட்டு செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடத்துக்குப் பல்லக்காவைத் தலைமைப் பணியாளராகத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் செய்தி அனுப்பியது. பெரிய கூடம், வரிசையாக ஜன்னல்கள், கதவில் அவள் பெயர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அட்டையோடு தளத்துக்குள் நுழைந்து, 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். நேரில் வந்து சொல்வது ஏற்கப்படாது. நேரில் வருகிறவர் யார் என்று கல்லூரிக்கு எப்படித் தெரியும்?

"என்னங்க, கொஞ்சம் சிரிக்கிறீங்களா?" என்று கைப்பேசியை நீட்டினாள்.

செயலாளர் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர் அல்ல. "யோசிப்போம்," என்றார்.

மறுநாளும் நீட்டினாள்.

"சிரிக்கத்தான் பார்க்கறேன். வரமாட்டேங்குதே! மனசுல சந்தோஷம் இருந்தாத்தானே சிரிப்பு வரும்? கிளினிக்குன்னா மத்தியானம் வந்து போட்டுட்டுப் போறே. நீ பாட்டுக்குக் காலேஜுக்குப் போயிட்டா எனக்கு யாரு சோறு போடுவா? அதை நினைச்சா உதடு விரியவே மாட்டேங்குது."

பல்லக்கா அடையாளத் துறையின் உதவி மையத்துக்குப் போனாள். முகாம் போட்ட அதே அலுவலர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார்.

"சார், என் அட்டைக்கு என் முகத்தைப் போட்டுக் குடுங்க."

"தாராளமா. உங்க கணக்குக்குள்ள போய் 'முகம் மாற்று'ன்னு இருக்கும், அதை அழுத்துங்க."

"உள்ள போறதுக்கு அவர் முகம் வேணுமே?"

"ஆமாம், அதான் பாதுகாப்பு."

"நான்தான் நான்னு உங்களுக்கே தெரியுதே சார். முகாம்ல பார்த்தீங்களே!"

"எனக்குத் தெரியும்மா. நான் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? சிஸ்டத்துக்குத் தெரியணும்." அலுவலர் குரலைத் தாழ்த்தி, பெருமிதத்தோடு சொன்னார்: "நீங்க ரொம்பக் குடுத்து வெச்சவங்க. உங்களை மாதிரி வேற யாரும் நடிக்கவே முடியாது. நீங்களே நினைச்சாலும் முடியாது."

"அடுத்த முகாம் எப்ப சார்?"

"முகாம் இனிமே கிடையாது. எல்லாக் குடும்பமும் திருப்தியா இருக்கறதா மேலிடத்துக்கு அறிக்கை போயிடுச்சு."

பல்லக்கா தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை செயலாளரின் பொது வாழ்வில் பொன்னாள். குடியிருப்பின் நுழைவாயிலில் புதிதாகப் பொருத்திய 'அடையாள வாசலை' அன்று மாலை அவர் சிரித்துத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அலுவலர் சிறப்பு விருந்தினர். செயலாளர் மதியம் சாப்பிட்டார், வழக்கம்போல் மேல்வரிசையைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டார், வழக்கம்போல் ஒரு தூக்கம் போட்டார். எழுந்தபோது கட்டில் இருந்தது, மேசை இருந்தது. தம்ளர் இல்லை.

"அம்மா! எம் பழ்ழு எங்கே?"

"என்னைக் கேட்டா? நான் உயிரோட இருக்கேனான்னே எனக்குத் தெரியாது," என்று மாமியார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

கட்டிலுக்கு அடியிலும் குளியலறையிலும் தேடிப் பார்த்தார். கீழே ஒலிபெருக்கி அவர் பெயரைக் கூவியது. வேறு வழியில்லாமல் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறங்கினார். அலுவலர் தோளைத் தட்டி, "பல்வலியா சார்? கவலைப்படாதீங்க. சிஸ்டத்துக்கு உங்களை நல்லாத் தெரியும்," என்று தைரியம் சொன்னார்.

செயலாளர் வாசல் முன் நின்று, கைக்குட்டையை எடுத்து, உதட்டை விரித்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை அலறியது. வாசல் நிதானமாகப் பார்த்தது. பிறகு இனிமையான பெண் குரலில் அறிவித்தது:

"அடையாளம் பொருந்தவில்லை. நிற்பவர் செயலாளர் அல்ல. ஆள்மாறாட்ட முயற்சி பதிவு செய்யப்பட்டது. தயவுசெய்து விலகி நிற்கவும்."

"நாந்தான்! நாந்தான் ழெயலாளர்!"

"தயவுசெய்து விலகி நிற்கவும்."

அலுவலர் பரவசமாகிக் கைதட்டினார். "பாருங்க! முதல் நாளே ஒரு ஆள்மாறாட்டத்தைப் பிடிச்சுடுச்சு!"

செயலாளர் வியர்த்துப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கே பல்லக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தம்ளர், ஒரு கையில் கைப்பேசி.

"மெருகு போட எடுத்துட்டுப் போனேங்க. விழாவாச்சே, பளபளன்னு இருக்க வேண்டாமா?"

"குழு!" என்று கையை நீட்டினார்.

"கொடுக்கறேன். மாட்டிக்கிட்டு முதல்ல என் போனைப் பார்த்துச் சிரிங்க. அப்புறம் கேட்டைப் பார்த்துச் சிரிக்கலாம்."

"இழு மிழட்டழ்!"

"ஐயோ, மிரட்டலா? சந்தோஷம் இருந்தாத்தானே சிரிப்பு வரும்னு நீங்கதான சொன்னீங்க? பல்லு கிடைச்சாச் சந்தோஷம் வரும்ல?"

ஒலிபெருக்கி மறுபடியும் கூவியது. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் தம்ளரைப் பார்த்தார். தண்ணீருக்குள்ளிருந்து கோரைப்பல் அவரைப் பார்த்து இளித்தது.

வாங்கி மாட்டிக்கொண்டு சிரித்தார். பச்சை விளக்கு எரிந்தது. பல்லக்கா பொத்தானை அழுத்தினாள். சட்டம் கண்டிப்பானது, கைப்பேசி இன்னொரு கேள்வி கேட்டது: 'இம்முடிவை யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சுய விருப்பத்தின்பேரில் எடுக்கிறீர்களா? ஆம் எனில் சிரிக்கவும்.'

"இன்னும் கொஞ்சம். இடதுபக்கம் தெரியணும்," என்றாள் பல்லக்கா.

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பல்லக்காவின் முழு மனச் சம்மதம் முறைப்படி பதிவானது. "இருங்க, கையோட 'முகம் மாற்று'ம் பண்ணிடலாம்," என்று அதையும் அழுத்தினாள். 'குடும்பத் தொகுப்பிலிருந்து விலகக் குடும்ப முகத்தின் பரிந்துரை தேவை. பரிசீலனைக் காலம் குறிப்பிடப்படவில்லை' என்று பதில் வந்தது.

விழா இனிதே நடந்தது. பல்லக்கா இப்போது ஜன்னல்கள் உள்ள கூடத்தில் கற்றுக்கொடுக்கிறாள். பரிசீலனை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை மதிய நேரத்துத் தம்ளரை மாமியார் தன் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்; கேட்கிறவர்களுக்குச் சிரிப்பதாக மகன் ஒப்புக்கொண்ட பிறகுதான் பல் திரும்பும். ஓய்வூதியத் தேதி நெருங்கினால் அதன்மேல் ஒரு மூடியும் போட்டுவிடுகிறார்.

சென்ற வாரம் துறை தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. மின் அடையாள அட்டையால் தங்கள் வாழ்வு தங்கள் கைக்கே வந்துவிட்டதா என்று நாட்டிலுள்ள பெண்களிடமெல்லாம் கைப்பேசி வழியாகக் கேட்டார்களாம். அத்தனை பெண்களும் பல் தெரியச் சிரித்து, 'ஆம்' என்று பதில் அளித்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மீசை இருந்தது. துறை அதை ஒரு குறையாகக் கருதவில்லை.